"இது என் உடம்பு" - குழந்தை இதை எப்போது, எப்படி அறிகிறது?



தீபாவளி நெருங்குகிறது. துணி எடுக்கச் சென்னைக்கு வருகிறீர்கள். தியாகராய நகர் ரங்கநாதன் தெருவில் ஒரு கடை. உள்ளே கால் வைக்க இடமில்லை. ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குக் கவுன் அளவு பார்க்க வேண்டும். நின்ற இடத்திலேயே தாய் குழந்தையின் உடுப்பைக் கழற்றப் போகிறாள். குழந்தையோ இரண்டு கையாலும் உடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது.

"வேணாம்மா, எல்லாரும் பாக்குறாங்க!"

"இவ்ளோண்டு இருந்துக்கிட்டு உனக்கு என்னடி வெக்கம்? கைய எடு!"

பக்கத்தில் நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். குழந்தை அழுகிறது. தகப்பனாருக்குக் கோபம் வருகிறது.

போன தீபாவளிக்கு இதே கடையில் இதே குழந்தை ஒன்றும் சொல்லாமல் நின்றது. இந்த ஒரு வருடத்தில் என்ன ஆயிற்று? பிடிவாதம் கூடிவிட்டதா? இல்லை. குழந்தைக்கு ஒரு புது அறிவு வந்திருக்கிறது. "இது என் உடம்பு, இதைப் பிறர் பார்க்கிறார்கள்" என்ற அறிவு அது. பல் முளைப்பது போல, நடை வருவது போல, இதுவும் வளர்ச்சிதான். பல் முளைத்தால் ஊருக்கெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிறோம். இந்த அறிவு முளைத்தால் மட்டும் அதட்டுகிறோம்.

இந்த அறிவு எப்படி வளர்கிறது, அதில் தாய் தந்தையரின் பங்கு என்ன என்பதைப் பார்ப்போம்.

பிறந்த குழந்தைக்குத் தன் உடம்பு தெரியுமா?

கொஞ்சம் தெரியும். பிறந்த குழந்தையின் கன்னத்தில் நம் விரல் பட்டால், பால் தேடுவது போல அந்தப் பக்கம் வாயைத் திருப்பும். அதன் கையே அதன் கன்னத்தில் பட்டால் அவ்வளவாகத் திரும்புவதில்லை. பிறந்து ஒரு நாள்கூட ஆகாத குழந்தைகளை வைத்து இதைப் பார்த்து 1997-ல் ஆராய்ச்சியாளர்கள் எழுதினார்கள். "தன் தொடுகை வேறு, பிறர் தொடுகை வேறு" என்ற பாகுபாடு அவ்வளவு சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடியாததும் இதனால்தான். நம் கை எங்கே வரப்போகிறது என்று நம் மூளைக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

ஆனால் கை எங்கே முடிகிறது, கால் எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அப்போது தெரியாது. அதைக் குழந்தை மாதக்கணக்கில் தானே தேடிக் கண்டுபிடிக்கிறது.

சுமார் 2, 3 மாதத்தில் தன் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு, ஏதோ புதுப் பொருள் போலப் பார்க்கும்.

5, 6 மாதத்தில் காலைப் பிடித்துக் கட்டை விரலை வாயில் வைக்கும். விரலைக் கடித்தால் வாயிலும் உணர்வு, விரலிலும் உணர்வு. பொம்மையைக் கடித்தால் வாயில் மட்டுமே உணர்வு. இப்படித்தான் "இது நான், அது நானல்ல" என்று குழந்தை கற்கிறது. அதனால் விரல் சுத்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். வாயில் வைத்ததற்காக அடிக்காதீர்கள்.

நம் முன்னோர் இதையெல்லாம் கவனித்தே இருந்தார்கள். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்துப் பாடுகின்றன. கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடுவது செங்கீரை. அது ஐந்தாம் மாதம். கையோடு கை சேர்த்துக் கொட்டுவது சப்பாணி, ஒன்பதாம் மாதம். தளர்நடையாக நடந்து வரும் பருவம் வருகை. ஓராண்டு நிறைந்ததும் வருவது. இன்று நாங்கள் சுகாதார நிலையத்தில் வளர்ச்சி பார்க்கும் அட்டையும் ஏறக்குறைய இதே வரிசையில்தான் இருக்கிறது.

பாட்டி விளையாட்டு வீண் விளையாட்டல்ல

உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரல் விரலாகப் பிரித்துக் கொடுத்து, நண்டு ஊருகிறது, நரி ஊருகிறது என்று கை வழியே ஏறிப்போய் அக்குளில் கிச்சுக்கிச்சு மூட்டுவாள் பாட்டி. குழந்தை முன்கூட்டியே சிரிக்கத் தொடங்கிவிடும். நண்டு எங்கே போய்ச் சேரும் என்று அதற்குத் தெரியும். விரல், உள்ளங்கை, முழங்கை, தோள் என்று தன் கை முழுவதையும் ஒரு பாதையாக அது படித்துவிட்டது.

எண்ணெய் தேய்த்துக் கை கால்களை நீவிவிடுவதும் அப்படித்தான். மெதுவாகத் தேய்க்கும்போது, "இது கை, இது முட்டி, இது பாதம்" என்று பேசிக்கொண்டே தேயுங்கள். தலையைப் பிடித்து அமுக்குவது, மூக்கில் எண்ணெய் விடுவது, மூக்கில் ஊதுவது, மார்பைப் பிதுக்கிப் பால் எடுப்பது ஆகியவை மட்டும் வேண்டாம். அவற்றால் ஆபத்து உண்டு.

ஒன்றரை வயதுக்கு மேல் "மூக்கு எங்கே? காது எங்கே?" என்றால் தொட்டுக் காட்டும். அதே வயதில் சொப்பு நாற்காலியின் மேல் உட்காரப் பார்க்கும், கையளவு பொம்மை வண்டிக்குள் காலை விடப் பார்க்கும். சிரிக்க வேண்டாம். தன் உடம்பு எவ்வளவு பெரிது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவுதான்.

கண்ணாடியில் தெரிவது யார்?

ஒரு வயதுக் குழந்தைக்குக் கண்ணாடி காட்டினால், உள்ளே வேறொரு பாப்பா இருப்பதாக நினைத்துச் சிரிக்கும், முத்தம் கொடுக்கும், சில சமயம் கண்ணாடிக்குப் பின்னால் போய்த் தேடும். 1972-ல் அமெரிக்காவில் பெயூலா ஆம்ஸ்டர்டம் என்ற பெண்மணி 3 மாதம் முதல் 24 மாதம் வரையுள்ள 88 குழந்தைகளைச் சோதித்தார். குழந்தைக்குத் தெரியாமல் மூக்கின் ஓரத்தில் சிவப்புச் சாயம் தடவிக் கண்ணாடி முன் விட்டார்கள். 20 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் கண்ணாடியைத் தொடவில்லை. தங்கள் மூக்கையே தொட்டார்கள்.

நம் வீட்டுத் திருஷ்டிப் பொட்டு போதுமே, நீங்களும் பார்க்கலாம்! கன்னத்துப் பொட்டைக் கண்ணாடியில் கண்டதும் குழந்தை எங்கே கை வைக்கிறது என்று கவனியுங்கள். கண்ணாடி அதிகம் பார்க்காத குழந்தைக்கு இது கொஞ்சம் தாமதமாக வரலாம். கவலை வேண்டாம்.

இந்தச் சமயத்தில்தான் "நானு", "எனுது" என்ற சொற்களும், "மாட்டேன்" என்ற சொல்லும் வருகின்றன. "நான்" என்று ஒருவர் உண்டானால்தானே "மாட்டேன்" என்று சொல்ல ஆள் இருக்கும்!

அடையாறுக்கு வந்த டாக்டரம்மா

குழந்தை தன் உடம்பை அறிவது கேட்டு அல்ல, செய்து. இதை உலகுக்குச் சொன்னவர்களில் முக்கியமானவர் மரியா மாண்டிசோரி என்ற இத்தாலிய டாக்டர். 1939-ஆம் ஆண்டு நவம்பரில், தமது 69-ஆவது வயதில், மகன் மாரியோவுடன் அவர் சென்னைக்கு வந்தார். அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்தில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி நடத்தினார். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 பேர் வந்து படித்தார்கள்.

சில மாதங்களே இருந்துவிட்டுத் திரும்புவதாக ஏற்பாடு. 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியது. பிரிட்டிஷ் அரசு மாரியோவைப் பிடித்துக் காவலில் வைத்தது. அம்மையாரின் நடமாட்டத்துக்கும் கட்டுப்பாடு வந்தது. தாயின் 70-ஆவது பிறந்த நாளில் மகன் விடுவிக்கப்பட்டார். போர் முடிந்து 1946-ல்தான் அவர்கள் ஐரோப்பா திரும்ப முடிந்தது. பிறகு மீண்டும் இந்தியா வந்தார்கள். சிறு குழந்தையின் மனம் எப்படி வளர்கிறது என்று அவர் இந்தியாவில் ஆற்றிய சொற்பொழிவுகள் 1949-ல் அடையாறிலேயே நூலாக வெளிவந்தன. இன்று உலகம் முழுவதும் படிக்கப்படும் நூல் அது.

அவர் சொன்ன ஒரு சம்பவம் நம் எல்லோருக்கும் பாடம். 1907-ல் ரோம் நகரில் ஏழைத் தொழிலாளிகள் குடியிருந்த பகுதியில் அவர் ஒரு குழந்தைகள் இல்லம் தொடங்கினார். ஒரு நாள் கைக்குட்டையை எடுத்து, சத்தமில்லாமல் மூக்கைச் சிந்தித் துடைப்பது எப்படி என்று பிள்ளைகளுக்குச் செய்து காட்டினார். பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். அவர்களோ இமை கொட்டாமல் பார்த்துவிட்டுக் கை தட்டினார்கள்!

ஏன் கை தட்டினார்கள்? "சளிமூக்கா, மூக்கைத் தொட!" என்று எல்லோரும் அவர்களைத் திட்டியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் பொறுமையாகச் சொல்லித் தந்ததில்லை. முதன்முதலாக ஒருவர் அவமானப்படுத்தாமல் கற்றுக்கொடுத்தார்.

இன்னொரு நாள், நான்கு மாதக் கைக்குழந்தை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வகுப்புக்குள் வந்தார். "இந்தப் பாப்பா எவ்வளவு அசையாமல் இருக்கிறது, எவ்வளவு மெதுவாக மூச்சு விடுகிறது, பாருங்கள்" என்றார். பிள்ளைகளும் அசையாமல் உட்கார்ந்து, தங்கள் மூச்சையே கவனிக்கத் தொடங்கினார்கள். "சும்மா உக்காரு" என்று அடித்து உட்கார வைப்பது வேறு. தன் உடம்பைத் தானே அடக்கிப் பார்க்கும் சந்தோஷம் வேறு.

நம் வீட்டில் இதைச் செய்யப் பெரிய பள்ளிக்கூடம் தேவையில்லை, காசும் தேவையில்லை.

ஒன்றரை வயதில் தன் கையாலேயே சோறு எடுத்துத் தின்னட்டும். கீழே சிந்தினால் சிந்தட்டும்.

இரண்டு வயதில் கை கழுவ, மூக்கு துடைக்க, செருப்பு மாட்டக் காட்டிக் கொடுங்கள். பேச்சைக் குறைத்து, மெதுவாகச் செய்து காட்டுங்கள்.

மூன்று வயதில் குளிக்கும்போது சிறு குவளையைக் கையில் கொடுங்கள். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தானே கழுவப் பழகட்டும். பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகக் கழுவச் சொல்லிக் கொடுங்கள். மூத்திரக் குழாயில் கிருமி சேராது.

நான்கு வயதில் சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும். மேல் பொத்தானைக் கீழ்த் துளையில் போட்டாலும் சரி, அவசரப்பட்டுப் பிடுங்கிப் போடாதீர்கள்.

"நேரம் எங்கங்க இருக்கு?" என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு நாளாவது தகப்பனார் குளிப்பாட்டட்டும். அடுப்படிக்கும் குளியலுக்கும் நடுவே தாய் ஒருத்தியே ஓடினால் பொறுமை எப்படி வரும்?

பேர் இல்லாத இடம்

கண், மூக்கு, வாய், வயிறு என்று எல்லாவற்றுக்கும் பேர் சொல்லித் தருகிறோம். இடுப்புக்குக் கீழே வந்ததும் வாயை மூடிக்கொள்கிறோம். சென்னையில் பல வீடுகளில் அந்த இடத்துக்குப் பேரே "ஷேம் ஷேம்". கிராமத்திலும் "சீ", "அசிங்கம்" என்பதுதான் முதல் பாடம். குழந்தைக்கு என்ன புரிகிறது? தன் உடம்பில் ஒரு பகுதி கெட்டது, அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்று புரிகிறது.

இதில் இரண்டு கெடுதல் உண்டு. ஒன்று, அங்கே எரிச்சலோ புண்ணோ வீக்கமோ வந்தால் சொல்லாது. முற்றிய பிறகுதான் டாக்டரிடம் வரும். இரண்டாவது இதைவிடப் பெரியது: யாராவது தகாத முறையில் தொட்டால், சொல்ல அதற்கு ஒரு சொல்கூட இருக்காது.

ஆண்குறி, பெண்குறி என்பவை நம் மொழியின் நல்ல சொற்கள். வாய்க்கு வரவில்லையென்றால் "ஒண்ணுக்குப் போற இடம்" என்றாவது சொல்லுங்கள். எந்தச் சொல்லானாலும் ஒரே சொல்லாக, முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். "இது நல்ல இடந்தான். மத்தவங்க பாக்கவோ தொடவோ கூடாது, அதனாலதான் ஜட்டி போடறோம்." இந்த இரண்டு வாக்கியம் போதும். அசிங்கம் என்பது வேறு, அந்தரங்கம் என்பது வேறு.

ஆண் குழந்தையின் உறுப்பைப் பிடித்து ஆட்டி, "இது யாருக்கு? தாத்தாவுக்கு வெட்டிக் குடுக்கவா?" என்று கேலி செய்யும் பழக்கமும் சில வீடுகளில் உண்டு. வேண்டாம் என்று பெரியவர்களிடம் பணிவாகச் சொல்லுங்கள். அது தவறு என்று தெரியாமல்தான் செய்கிறார்கள். ஆனால் "உன் உடம்பை யார் வேண்டுமானாலும் தொடலாம்" என்ற பாடத்தையல்லவா அது குழந்தைக்குக் கொடுக்கிறது?

"வேண்டாம்" சொல்லும் உரிமை

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் பங்குனித் திருவிழாவில் அறுபத்துமூவர் அன்று மாடவீதியில் எள் போட்டால் எள் விழாது. ஊரிலிருந்து வந்த உறவினர் பலர் அங்கே சந்திக்கிறார்கள். மாமா முறை ஒருவர் குழந்தையைத் தூக்கப் போகிறார். குழந்தை தாயின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்கிறது. "மாமாவுக்கு முத்தம் குடு. குடுக்கலேன்னா உன்ன இங்கயே விட்டுட்டுப் போயிடுவேன்" என்கிறாள் தாய்.

மாமா நல்லவராகவே இருக்கலாம். ஆனாலும் குழந்தை என்ன கற்றது? பெரியவர் கேட்டால் உடம்பைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்று கற்றது. இதற்குப் பதில், "அவனுக்குக் கூச்சம் மாமா, வணக்கம் சொல்லுவான்" என்று சொல்லலாம். மரியாதைக்கும் குறைவில்லை, குழந்தையின் வார்த்தைக்கும் மதிப்புக் கிடைக்கும்.

குழந்தைகளிடம் தவறாக நடப்பவர் பெரும்பாலும் முன்பின் தெரியாதவரல்லர். வீட்டுக்கு வந்து போகிறவர், குழந்தைக்குப் பழகியவர். பெண் குழந்தைக்கு மட்டுமல்ல, ஆண் குழந்தைக்கும் இது நடக்கிறது. ஆகவே மூன்று வயதிலிருந்தே சொல்லி வையுங்கள்: "ஜட்டிக்குள்ள இருக்கற இடத்த யாரும் தொடக்கூடாது, காட்டச் சொல்லக்கூடாது. அவங்களத் தொடவும் சொல்லக்கூடாது. அம்மா அப்பா கழுவிவிடலாம். டாக்டரோ நர்ஸம்மாவோ பாக்கும்போது நாங்க கூட இருப்போம். யாராவது 'அம்மாகிட்ட சொல்லாதே'ன்னு சொன்னா, உடனே வந்து சொல்லு. நான் அடிக்க மாட்டேன்."

குழந்தை ஏதாவது சொன்னால் நம்புங்கள். "நீ ஏன் அங்க போன?" என்று கேட்காதீர்கள். பத்துப் பேர் முன்னால் விசாரிக்காதீர்கள். 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் குழந்தைகள் எல்லோரையும் பாதுகாக்கிறது. இத்தகைய குற்றம் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். குழந்தைகள் உதவித் தொலைபேசி எண் 1098. காசு கிடையாது, இரவு பகல் எந்நேரமும் கூப்பிடலாம்.

தம்பதிகள் கேட்கும் சில கேள்விகள்

"பையனுக்கு மூணு வயசு. எப்பப் பாத்தாலும் அங்கயே கைய வெச்சுக்கிட்டிருக்கான். கெட்ட பழக்கமா?"
இல்லை. காதைத் தொடுவது போல அதையும் தொட்டுப் பார்க்கிறான். "அறுத்துடுவேன்", "காக்கா தூக்கிட்டுப் போயிடும்" என்று பயமுறுத்தாதீர்கள். கையில் வேறு விளையாட்டுச் சாமான் கொடுங்கள். சொறிந்துகொண்டே இருந்தால் புண்ணோ கீரிப்பூச்சியோ இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள்.

"ரெண்டரை வயசாச்சு. ராத்திரி பாயிலேயே போயிடுது."
ஒன்றுக்கு வருகிறது என்ற உணர்வு முதலில் வரும். அடக்கும் பலம் பிறகுதான் வரும். பகலில் 2, 3 வயதுக்குள் பழகிவிடும். இரவில் ஐந்து வயது வரைகூட ஆகலாம். அடித்தால் பயம்தான் வரும், பழக்கம் வராது.

"எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?"
4 மாதம் முடிந்தும் தலை நிற்காவிட்டால், 9 மாதம் ஆகியும் உட்காராவிட்டால், 18 மாதம் ஆகியும் நடக்காவிட்டால், ஒரு வயதுக்குள் எப்போதும் ஒரே கையை மட்டும் பயன்படுத்தினால், கூப்பிட்டால் திரும்பாவிட்டால், உடனே காட்டுங்கள். "மெதுவா வரும்" என்று காத்திருக்க வேண்டாம். சீக்கிரம் தொடங்கினால் பயிற்சியால் நல்ல பலன் உண்டு.

"வயசுக்கு வர்றதப் பத்தி எப்ப சொல்றது?"
வருவதற்கு முன்பே. பெண் குழந்தைக்கு 8 வயதிலிருந்தும், ஆண் குழந்தைக்கு 9 வயதிலிருந்தும் மாற்றம் தொடங்கலாம். சின்ன வயதில் பேர் சொல்லிப் பழகிய வீட்டில் இதைச் சொல்வதும் சுலபம்.

ஒரு குழந்தைக்கு மூன்று வருடம்

இதுவரை படித்ததைச் சற்று எண்ணிப் பாருங்கள். கையைக் கண்டுபிடிப்பது, நடப்பது, கண்ணாடியில் தன்னை அறிவது, தானே உண்பது, ஒன்றுக்கு அடக்குவது, தன் உறுப்புகளுக்குப் பேர் கற்பது, எல்லாம் முதல் மூன்று வருடத்துக்குள் நடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு மடியும் பொறுமையான ஒரு கையும் வேண்டும். அதற்குள் இன்னொரு குழந்தை வந்துவிட்டால் தாயின் உடம்பும் தேறாது, மூத்ததுக்கு மடியும் கிடைக்காது. இடைவெளி விடும் முறைகள் பற்றி உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் கணவனும் மனைவியும் சேர்ந்தே கேளுங்கள்.

நினைவில் வையுங்கள்

தொட்டு, பேசி, விளையாடி, உடம்பைக் குழந்தைக்கு அறிமுகம் செய்யுங்கள்.
திட்டுவதற்கு முன் செய்து காட்டுங்கள்.
எல்லா உறுப்புக்கும் பேர் சொல்லுங்கள்.
குழந்தை "வேண்டாம்" என்றால் நின்று கேளுங்கள்.

அடுத்த தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும்போது, குழந்தை உடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் சிரிக்காதீர்கள். துணி மாற்றும் அறை எங்கே என்று கடைக்காரரைக் கேளுங்கள். அறை இல்லையா? தாய் தன் முந்தானையை மறைப்பாகப் பிடிக்கட்டும், தகப்பனார் முன்னால் நின்று மறைத்துக்கொள்ளட்டும். அந்த இரண்டு நிமிடத்தில், "உன் உடம்பு உன்னுடையதுதான், நாங்கள் காவல்" என்பதைக் குழந்தை புரிந்துகொள்ளும்.